கிணற்றிலிருந்து வந்த கண்ணில்லாக் கெளுத்தி: மீன்தொட்டியில் வளர்க்கலாமா?

காலை ஆறு மணி. மோட்டார் போட்டு, குழாயடியில் வாளியை வைத்தாயிற்று. தண்ணீர் நிரம்பியதும் பார்த்தால், வாளியின் அடியில் சிவப்பு நூல் போல ஏதோ நெளிகிறது. மண்புழு என்று நினைத்துக் கொட்டப்போனால், அதற்கு மீசை இருக்கிறது! வாலை ஆட்டி நீந்துகிறது. கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை.

கேரளத்தில் கிணற்றுத் தண்ணீரை நம்பி வாழும் வீடுகளில் எப்போதாவது ஒருமுறை நடக்கிற சங்கதி இது. இப்படி வந்த மீன்களில் எத்தனையோ, தென்னை மரத்தடியில் கொட்டப்பட்டு மண்ணோடு மண்ணாகிப் போயிருக்கும். கொட்டாமல், “இது என்னவாக இருக்கும்?” என்று ஒரு நிமிடம் நின்று யோசித்தவர்களால்தான் 2023-ம் ஆண்டு உலகுக்கு ஒரு புதிய மீன் அறிமுகமானது. அதன் பெயர், ஹோராகிளானிஸ் பாப்புலி.

இந்த மீனின் படத்தைப் பார்க்கிற பலருக்கும், குறிப்பாக வீட்டில் மீன்தொட்டி வைத்திருக்கும் குட்டீஸ்களுக்கு, முதலில் தோன்றும் கேள்வி ஒன்றுதான்: “இதை நம்ம தொட்டியில வளர்க்கலாமா?”

கூடாது என்பதுதான் பதில். ஏன் கூடாது என்று தெரிந்துகொள்ளப் போனால், அந்தக் காரணம் நாம் குடிக்கிற தண்ணீர் வரைக்கும் போகிறது.

மக்களின் பெயரில் ஒரு மீன்

சுமார் 3 சென்டிமீட்டர்தான் இதன் நீளம். பெரியவர்களின் சுண்டு விரல் அளவுகூட வராது. கெளுத்திகளுக்கே உரிய நான்கு ஜோடி மீசைகள் உண்டு. கண் கிடையாது. தோலில் நிறமிகள் இல்லாததால் உள்ளே ஓடும் ரத்தம் வெளியே தெரிகிறது. அதனால்தான் அந்தச் சிவப்பு.

வாழ்நாள் முழுவதும் பூமிக்கு அடியில், பாறை இடுக்குகளில் தேங்கியும் ஓடியும் கிடக்கும் நிலத்தடி நீரிலேயே கழிக்கும் மீன் இது. ஆற்றில் வலை வீசினாலோ குளத்தில் தூண்டில் போட்டாலோ கிடைக்காது. கிணறு தோண்டும்போதோ, தண்ணீரை இறைத்துத் தூர் எடுக்கும்போதோ, மோட்டாரில் இழுபட்டுக் குழாய் வழியாக வந்து விழும்போதோதான் மனிதர் கண்ணில் படும்.

அப்படியானால் விஞ்ஞானிகள் இதை எங்கே போய்த் தேடுவது? லட்சக்கணக்கான வீட்டுக் கிணறுகளையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

கொச்சியில் உள்ள கேரள மீன்வள, கடல்சார் ஆய்வுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜீவ் ராகவனும் அவருடைய குழுவினரும் இதற்கு எளிய வழி ஒன்றைக் கையிலெடுத்தார்கள். கிணற்றுக்குச் சொந்தக்காரர்களையே ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட மீன் வந்தால் சொல்லுங்கள் என்று மக்களிடம் கேட்டு வைத்தார்கள். ரெம்யா எல்.சுந்தர், சி.பி.அர்ஜுன், ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரிலுள்ள சென்கன்பெர்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ரால்ஃப் பிரிட்ஸ், நீலேஷ் டஹானுகர் ஆகியோரும் இந்த ஆய்வில் இருந்தனர்.

தேடல் ஆறு ஆண்டுகள் நீண்டது. அதன் பலனாக, இந்த மீன் வகை வாழும் 47 புதிய இடங்கள் பதிவாகின. 65 புதிய மரபணு வரிசைகள் கிடைத்தன. முடிவில், அதுவரை பெயரில்லாத ஓர் இனம் அடையாளம் காணப்பட்டது. கண்டுபிடிக்க உதவியவர்கள் சாதாரண மக்கள் என்பதால் மீனுக்கும் அவர்கள் பெயரே வைக்கப்பட்டது. ‘பாப்புலி’ என்ற லத்தீன் சொல்லுக்கு, ‘மக்களுடைய’ என்று பொருள்.

கலாம் பெயரிலும் ஒரு கெளுத்தி!

பாப்புலி இந்தக் குடும்பத்தின் நான்காவது உறுப்பினர். முதல் மீனை 1950-ல் விலங்கியல் அறிஞர் ஏ.ஜி.கே.மேனன் விவரித்தார். கோட்டயம் பகுதிக் கிணறுகளில் கிடைத்த அதற்கு, ஹோராகிளானிஸ் கிருஷ்ணாய் என்று பெயர். ‘கிளானிஸ்’ என்றால் கிரேக்க மொழியில் கெளுத்தி. ‘ஹோரா’ என்பது இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த புகழ்பெற்ற மீனியல் அறிஞர் சுந்தர் லால் ஹோராவைக் குறிக்கிறது. ஆக, ‘ஹோராவின் கெளுத்தி’.

அடுத்தது கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 2004-ல் ஹோராகிளானிஸ் அலிகுன்ஹி, 2012-ல் மூன்றாவது இனம். இவை இரண்டும் திருச்சூர் மாவட்டக் கிணறுகளில் கிடைத்தவை. மூன்றாவதற்கு வைக்கப்பட்ட பெயர் தமிழர்களுக்கு ரொம்பவே நெருக்கமானது: ஹோராகிளானிஸ் அப்துல்கலாமி. ஆம், நம் முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமின் நினைவாகத்தான். ராமேஸ்வரத்துக் கடற்கரையில் வளர்ந்தவரின் பெயர், சூரியனையே பார்க்காத ஒரு மீனுக்கு!

இன்னொரு சுவையான தகவல். இந்தச் சின்னஞ்சிறு மீனும், நம் ஊரில் வளர்க்கத் தடை செய்யப்பட்டுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியும் ஒரே குடும்பம். அது ஒரு மீட்டருக்கு மேல் வளரும். அகப்பட்டதையெல்லாம் விழுங்கும். இதுவோ ஒரு தீக்குச்சி நீளத்துக்குக் கூடக் குறைவு.

பார்த்தால் ஒரே மாதிரி... உள்ளே வேறு வேறு!

நான்கு இனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது நிபுணர்களுக்கே கஷ்டம். நிறம், உருவம், மீசை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் டி.என்.ஏ-வைச் சோதித்தபோது கதையே மாறியது. இனங்களைப் பிரித்தறியப் பயன்படும் ஒரு குறிப்பிட்ட மரபணுவில், இந்த மீன் இனங்களுக்கு இடையே 7 சதவிகிதத்துக்கும் மேல் வேறுபாடு இருந்தது. இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றும் இவை, மிக நீண்ட காலத்துக்கு முன்பே பிரிந்து தனித்தனிக் குடித்தனம் நடத்துபவை.

மற்ற மூன்று இனங்களும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றால், பாப்புலி அவற்றின் பெரியப்பா வீட்டுப் பிள்ளை. அந்த மூன்றும் பிரிவதற்கு முன்பே தனிக் கிளையாகப் போய்விட்டது.

இருட்டில் வாழ்க்கை என்பதால் கண்ணும் நிறமும் தேவைப்படவில்லை. வெளியுலகின் வெயில், வெள்ளம், வேட்டை எதுவும் உள்ளே போவதில்லை. சூழல் மாறாததால் உடலமைப்பும் மாறவில்லை என்று புரிந்துகொள்ளலாம். மரபணு மட்டும் தன் போக்கில் விலகிக்கொண்டே போயிருக்கிறது.

இதிலிருந்து நமக்கு ஒரு நடைமுறைப் பாடமும் உண்டு. ஒரு கிணற்றில் கிடைத்த மீன், பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும், வேறு ஊர்க் கிணற்றில் கிடைத்ததற்குச் சமமல்ல. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று மாற்றி வைக்க முடியாது.

கல்லுக்குள் ஈரம்

கேரளத்துக்கு மட்டும் ஏன் இந்த அதிசயம்? காரணம், செம்புரைக் கல். வீடு கட்ட அங்கே வெட்டியெடுக்கிறார்களே, அந்தச் சிவப்புக் கல்தான். மழையும் வெயிலும் பாறையைக் காலங்காலமாகச் சிதைத்ததில் உருவானது. கடற்பஞ்சு போல உள்ளே ஓட்டைகளும் குடைவுகளுமாக இருக்கும். மழைநீர் இறங்கி இந்தக் குடைவுகளில் நிறைகிறது. அந்த நீர்ப்பரப்பின் மேல்தான் வீட்டுக்கு வீடு கிணறு தோண்டியிருக்கிறார்கள். கிணறு என்பது அந்த நிலத்தடி உலகத்துக்கு வைத்த ஜன்னல்.

இந்தக் கல்லுக்கு ‘லேட்டரைட்’ என்று பெயர் வைத்தவர், ஃபிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். இன்றைய மலப்புரம் மாவட்டத்தின் அங்காடிப்புரத்தில் இதைப் பார்த்து, 1807-ல் வெளியான தன் பயண நூலில் எழுதினார். ‘லேட்டர்’ என்றால் லத்தீனில் செங்கல். அவரே பிற்காலத்தில் கங்கை நதி மீன்களைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றையும் எழுதினார். தான் பெயர் வைத்த கல்லுக்குள்ளேயே இத்தனை மீன்கள் ஒளிந்திருப்பது அவருக்குத் தெரிய வாய்ப்பே இருந்திருக்காது.

ஹோராகிளானிஸ் மட்டுமல்ல. இந்த நிலத்தடி நீரில் விராலின் தூரத்துச் சொந்தமான ஒரு மீன் இருக்கிறது. 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு மலப்புரத்தில் வயல் நீரில் தென்பட்டு, சமூக வலைதளத்தில் படமாக வந்து, 2019-ல் ‘எனிக்மாசன்னா கோலம்’ என்று பெயர் பெற்றது. ‘லார்டு ஆஃப் த ரிங்ஸ்’ கதையில் குகைக்குள் வாழும் ‘கோலம்’ நினைவாக வைத்த பெயர். கோழிக்கோடு மாவட்டக் கிணற்றிலிருந்து வந்தது ‘பாஞ்சியோ புஜியா’. நம் அயிரையின் உறவு. நாம் கொறிக்கும் புஜியா மாதிரியே இருப்பதால் அந்தப் பெயர். செங்கன்னூரில் கிடைத்த இன்னொரு அயிரை உறவுக்கு, 2022-ல் ‘பாஞ்சியோ பாதாளா’ என்று பெயரிட்டார்கள். ஹாலிவுட் நடிகர் லியோனார்டோ டிகாப்ரியோ தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இதைப் பற்றிப் பகிர்ந்தது அப்போது செய்தியானது.

தொட்டியில் விட்டால் என்ன ஆகும்?

மீன் வளர்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். மீனை வளர்ப்பதற்கு முன் தண்ணீரை வளர்க்க வேண்டும். மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும். அது விஷம். வடிகட்டியில் குடியேறும் நல்ல பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்தச் சுழற்சி நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். புதிதாக நீர் நிரப்பிய தொட்டியில் அன்றே விட்ட மீன்கள் செத்து மிதப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

சாதாரண மீனுக்கே இந்தக் கதி என்றால், நிலத்தடி மீனின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

வெளிச்சம்: பிறந்ததிலிருந்து இருட்டிலேயே இருந்தது. நிறமி இல்லாத தோலுக்கு வெயிலிலிருந்து பாதுகாப்பே கிடையாது. தொட்டியின் எல்.இ.டி விளக்கு நமக்கு அழகு, அதற்கு ஆபத்து.

வெப்பநிலை: நிலத்தடி நீரின் வெப்பம் ஆண்டு முழுக்க அதிகம் மாறாது. வரவேற்பறைத் தொட்டியிலோ பகலில் ஒன்று, ஏசி போட்டால் ஒன்று, கரன்ட் போனால் ஒன்று.

தண்ணீர்: மாநகராட்சிக் குழாய் நீரில் கலக்கப்படும் குளோரின், நமக்குத் தீங்கு செய்யாத அளவில் இருந்தாலும் மீனின் செவுள்களைப் புண்ணாக்கிவிடும். கிணற்று அடியில் வாழும் மீனுக்கு அது முற்றிலும் பழக்கமில்லாதது.

உணவு: பாதாள நீரில் உணவு மிகக் குறைவு. கண்ணுக்குத் தெரியாத அளவிலான சிறு உயிர்களே கிடைக்கும். அங்கு வாழும் மீன்கள் குறைவாகத் தின்று, நிதானமாக வாழப் பழகியவை. நாம் அள்ளிப் போடும் மீன் உணவு, மீன் தின்பதற்குள் அழுகி நீரைக் கெடுத்துவிடும்.

துணை: கண்ணில்லாத, விரல் நீளம்கூட இல்லாத மீனைக் கப்பி, கோல்டு ஃபிஷ், ஏஞ்சல் கூட்டத்தில் விட்டால், அன்றைக்கே யாருக்காவது இரையாகலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. இவை பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்து விற்கப்படும் மீன்கள் அல்ல. தொட்டிக்குப் போகும் ஒவ்வொரு மீனும் நிலத்துக்கு அடியிலிருந்து குறைகிற ஒரு மீன். அங்கே எத்தனை இருக்கின்றன என்று யாரும் எண்ணிப் பார்க்க முடியாத நிலையில், ஒன்று குறைவதும் சின்ன விஷயமல்ல.

வாளியில் விழுந்தால் செய்ய வேண்டியவை

கிணற்று மீன் வந்துவிட்டது. வளர்க்கவும் கூடாது. பிறகு என்னதான் செய்வது? சில மணி நேரம் மட்டும் அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் போதும்.

1. அதே தண்ணீர்: அது வந்த அதே கிணற்று நீரிலேயே வைக்கவும். வேறு தண்ணீர், கேன் தண்ணீர் எதுவும் சேர்க்க வேண்டாம். சோப்பு படாத, சுத்தமான வாளி நல்லது. கண்ணாடி டம்ளரைவிட அதில் நீர் அதிகம் பிடிக்கும். சீக்கிரம் சூடாகாது.

2. மூடி வைக்கவும்: காற்று போகும்படி ஒரு துணியையோ தட்டையோ போட்டு, நிழலான இடத்தில் வைக்கவும். வீட்டில் ஏர் பம்ப் இருந்தால் மெதுவாக ஓட விடலாம்.

3. கையால் பிடிக்க வேண்டாம்: மீனின் மேல் உள்ள வழவழப்புதான் அதற்குக் கவசம். கை பட்டால் அது போய்விடும். மாற்ற வேண்டியிருந்தால் தண்ணீரோடு சேர்த்துக் கிண்ணத்தில் மொள்ளவும்.

4. உணவு வேண்டாம்: சோறு, ரொட்டித் துண்டு, மீன் உணவு எதுவும் போட வேண்டாம். அரை நாள் பட்டினி அதை ஒன்றும் செய்யாது.

5. படம் எடுக்கவும்: மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பக்கத்தில் ஒரு ஸ்கேலையோ நாணயத்தையோ வைத்தால் அளவு தெரியும். ஃபிளாஷ் வேண்டாம். முடிந்தால் ஒரு சின்ன வீடியோ எடுக்கலாம். தேதி, ஊர், கிணற்றின் ஆழம், அன்று மழை பெய்ததா, மோட்டார் ஓடியதா என்று குறித்துக்கொள்ளவும்.

6. தெரிவிக்கவும்: அருகிலுள்ள மீன்வளக் கல்லூரிக்கோ, பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கோ படத்தை அனுப்பலாம். பாப்புலியைக் கண்டுபிடிக்க உதவியதும் இப்படி மக்கள் தந்த தகவல்கள்தான்.

7. அதே கிணற்றில் விடவும்: வாளியைக் கயிற்றில் கட்டி நீர்மட்டம் வரை இறக்கி, மெதுவாகச் சாய்த்து விடவும். மேலிருந்து வீசக் கூடாது. பக்கத்து வீட்டுக் கிணறு, குளம், ஆறு எதிலும் விடக் கூடாது.

வரும்போதே இறந்திருந்தால் எறிந்துவிட வேண்டாம். சின்ன பாட்டிலிலோ பாலிதீன் உறையிலோ போட்டு ஃப்ரீசரில் வைத்துத் தகவல் சொல்லலாம். இறந்த மீனின் டி.என்.ஏ-வும் பேசும்.

சின்னக் கெளுத்திதான் வேண்டும் என்று அடம்பிடித்தால்?

வீட்டுக் குழந்தைகள் மீசை வைத்த குட்டி மீன்தான் வேண்டும் என்று கேட்டால், அதற்கும் வழி இருக்கிறது. தென் அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட கோரிடோரஸ் வகைக் கெளுத்திகள், பண்ணைகளில் பெருக்கி விற்கப்படுகின்றன. வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் விசாரித்தால் ‘கோரி’ என்றே சொல்வார்கள். அவற்றில் ‘பிக்மி கோரி’ என்ற குள்ள வகை, வளர்ந்தாலும் 3 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். பிரேசில் பக்கத்து மடெய்ரா நதிப்படுகையைச் சேர்ந்தது.

இது கூட்டமாக வாழும் மீன். ஒன்று, இரண்டு என்று வாங்கினால் ஒடுங்கி மூலையில் கிடக்கும். குறைந்தது ஆறு வேண்டும். அடியில் கூர்மையான கற்கள் வேண்டாம், மென்மையான ஆற்று மணல் போதும். மீசையால் துழாவித்தான் இரை தேடும் என்பதால், கல் குத்தினால் மீசை புண்ணாகித் தேய்ந்துவிடும். கீழே மூழ்கும் சின்ன உருண்டை உணவு தர வேண்டும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். மாற்றும் நீரில் குளோரின் நீக்கும் மருந்து சேர்ப்பது அவசியம். அவ்வப்போது விர்ரென்று மேலே வந்து ஒரு மடக்குக் காற்றை விழுங்கிச் செல்லும். பயப்பட வேண்டாம், குடல் வழியாகவும் அதனால் சுவாசிக்க முடியும். அதற்காக நீருக்கும் மூடிக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டால் போதும்.

பண்ணையில் பிறந்த மீனை வாங்கி ஒழுங்காகப் பார்த்துக்கொள்வதால் எந்தக் கிணறும் காலியாகாது.

கிணற்று மீனுக்கான உண்மையான பராமரிப்பு

சரி, பாப்புலியை யார் பார்த்துக்கொள்வது? இங்கேதான் விஷயம் நம் பக்கம் திரும்புகிறது. அதன் மீன்தொட்டி, நாம் குடிநீர் எடுக்கும் கிணறு. தொட்டிக்குச் சொன்ன அதே விதிகள் கிணற்றுக்கும் பொருந்தும்.

முதலில் குளோரின். கிணற்றைச் சுத்தம் செய்ததும் பிளீச்சிங் பவுடர் போடுவது வழக்கம். 1,000 லிட்டர் நீருக்கு 2.5 கிராம் என்பது பொதுவான கணக்கு. பலரும் கண்ணளவில் அள்ளிக் கொட்டிவிடுகிறார்கள். வெள்ளம், காலரா போன்ற சமயங்களில் கிணற்றில் குளோரின் போடத்தான் வேண்டும். மனித உயிரைக் காப்பாற்றுவது அது. அதில் சமரசம் கிடையாது. நோய்ப் பயம் இல்லாத சாதாரண நாட்களில், உள்ளூர் சுகாதாரத் துறையினரிடம் கேட்டுக்கொண்டு, கிணற்றுக்குப் பதில் மேல்நிலைத் தொட்டியில் மட்டும் அளவாகக் கலக்கலாம். குடிக்கும் நீரைக் கொதிக்க வைக்கலாம். போடுகிற சமயத்திலும் நீரின் அளவைக் கணக்கிட்டுப் போட்டால், கிணற்றுக்கும் நல்லது, குடிப்பவருக்கும் நல்லது.

இரண்டாவது, வேண்டாத துணை. கொசுப்புழுவை ஒழிக்கக் கிணற்றில் கம்பூசியா, கப்பி மீன்களை விடுகிறார்கள். சிலர் திலேப்பியாவைக்கூட விடுகிறார்கள். பசியோடு திரியும் வெளியூர் மீன்களுக்குக் கண்ணில்லாத குட்டிக் கெளுத்தி எளிய இரை. கிணற்று வாயைக் கொசுவலையால் இறுக்கமாக மூடினால் கொசுவும் வராது, குப்பையும் விழாது.

மூன்றாவது, கழிவு. மீன்தொட்டியில் அமோனியா எப்படியோ, நிலத்தடி நீரில் கழிவுநீர்த் தொட்டியின் கசிவு அப்படி. செம்புரைக் கல்லின் ஓட்டைகள் தூய மழைநீரை மட்டுமல்ல, சாக்கடையையும் அதே வேகத்தில் உள்ளே விடும். கழிவுநீர்த் தொட்டி கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் மீனுக்கு வருகிற கேடுதான் நமக்கும்.

நான்காவது, தொட்டியே காணாமல் போவது. ஆழ்துளைக் கிணறுகளால் நீர்மட்டம் இறங்குகிறது. கல் குவாரிகள் செம்புரைப் பாறையையே வெட்டி எடுத்துச் செல்கின்றன. குழாய் இணைப்பு வந்ததும் பழைய கிணறுகள் மண் கொட்டி மூடப்படுகின்றன. கிணற்றை மூடினால் மீன் உடனே அழிந்துவிடாது. அங்கே அது இருந்தது என்பது மட்டும் இனி யாருக்கும் தெரியாமலே போய்விடும். ஜன்னலைச் சாத்திவிட்டால் உள்ளே நடப்பது எப்படித் தெரியும்?

மேலே நாம்... கீழே அது!

ஒரு புலி செத்தால் செய்தியாகிறது. யானை செத்தால் ஊரே அழுகிறது. நிலத்துக்கு அடியில் கண்ணில்லாத ஒரு மீன் செத்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அது வாழ்கிற தண்ணீரைத்தான் மேலே ஒரு குடும்பம் தினமும் குடிக்கிறது, சமைக்கிறது, குழந்தைக்குப் பால் கலக்கிறது. நச்சும் சாக்கடையும் அந்த நீரில் இறங்கினால் முதலில் போவது அது. அடுத்த வரிசையில் நிற்பது நாம்தான்.

உலகில் மன்னர்களின் பெயரில் மீன்கள் உண்டு. விஞ்ஞானிகளின் பெயரிலும் உண்டு. வாளியில் வந்ததைக் கொட்டாமல் ஒரு போன் செய்தவர்களுக்கும் ஒரு மீனில் பங்கு கிடைத்திருக்கிறது. நாளை காலை வாளியில் சிவப்பாக ஏதாவது நெளிந்தால், கொட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். மீசை இருந்தால், படம் எடுத்துக்கொண்டு, பத்திரமாகக் கிணற்றிலேயே விட்டுவிடுங்கள்.